ஒரு புள்ளி, நான்கு ஆச்சரியக்குறி

ரவுட்டரின் கறுப்புத் திரையில் முதன்முதலாக ‘பிங்’ அடித்துப் பார்க்கிறவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: .!!!!

ஐந்து பாக்கெட்டுகள் போயின. முதலாவதற்குப் பதில் வரவில்லை, ஆகவே ஒரு புள்ளி. மற்ற நான்கும் போய்த் திரும்பிவிட்டன, ஆகவே நான்கு ஆச்சரியக்குறி. வெற்றி விகிதம் 80 சதவீதம் என்று ஒரு வரி வந்து நிற்கும். அதே கட்டளையை உடனே மறுபடி அடித்தால் ஐந்தும் ஆச்சரியக்குறியாக வரும்.

சிசிஎன்ஏ தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறார்கள். ‘சரி, வேலை செய்யுது’ என்று அடுத்த வீடியோவுக்குத் தாவுகிறவர்கள் ஒரு பக்கம். அந்த முதல் பாக்கெட் எங்கே போய் விழுந்தது என்று தெரிந்துகொள்ளாமல் நகர மாட்டேன் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். தேர்வில் தேறுவதும் அதற்குப் பிறகு வேலையில் நிலைப்பதும் இந்த இரண்டாவது வகையினருக்குத்தான் எளிதாக வாய்க்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் புள்ளிக்கான விடை இதுதான். எதிர்முனையின் ஐபி முகவரி ரவுட்டருக்குத் தெரியும். ஆனால் ஈதர்நெட் கம்பியில் எதை அனுப்பினாலும் அந்தக் கருவியின் 48 பிட் மேக் முகவரியும் வேண்டும். அது கையில் இல்லாததால், ‘இந்த ஐபி யாருடையது?’ என்று அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி ரவுட்டர் ஒரு கேள்வியை விடுகிறது. இதைத்தான் ஏஆர்பி என்கிறார்கள். பதில் வந்து சேர்வதற்குள் முதல் பாக்கெட்டை அது கைவிட்டுவிடுகிறது. பதில் வந்ததும் அதை ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொள்கிறது. சிஸ்கோ ரவுட்டரில் அந்தப் பதிவு வழக்கமாக நான்கு மணி நேரம் இருக்கும். இரண்டாம் முறை ஐந்தும் பழுதில்லாமல் போனதற்குக் காரணம் அந்தப் பட்டியல். பாடத்திட்டத்தில் இரண்டு பெரிய அடுக்குகளுக்கு இடையே இருக்கும் உறவு முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளிக்குள் அடங்கியிருக்கிறது.

என்ன தேர்வு இது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணினிப் பணியில் இருந்த லியனார்டு போசாக், சாண்டி லெர்னர் தம்பதி 1984இல் தொடங்கிய நிறுவனம் சிஸ்கோ. ரவுட்டரும் ஸ்விட்சும் விற்றால் போதாது, அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் உலகமெங்கும் வேண்டும் என்பதால் அந்த நிறுவனமே தேர்வுகளையும் நடத்துகிறது. 1998இல் வந்த சிசிஎன்ஏ அவற்றில் அடிப்படை நிலைத் தேர்வு. பாதுகாப்புக்கு ஒன்று, வயர்லெஸ்ஸுக்கு ஒன்று என்று இடையில் பல கிளைகளாகப் பிரிந்திருந்ததை 2020 பிப்ரவரி 24 முதல் ஒரே தேர்வாக்கினார்கள். 200-301 என்பது அதன் எண். 2024 ஆகஸ்டில் பாடத்திட்டத்தைச் சற்றுத் திருத்தி 1.1 பதிப்பாக்கினார்கள். பழைய பதிப்புக்கான வீடியோக்களில் பெரும்பகுதி இன்றைக்கும் பொருந்தும். ஆனாலும் சிஸ்கோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்திட்டத் தாளை முதல் நாளே இறக்கி அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவது நல்லது.

இதை எழுத எந்தப் பட்டமும் தேவையில்லை. பி.காம். படித்தவரும் எழுதலாம், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் முடித்தவரும் எழுதலாம், திருமணத்துக்குப் பிறகு பத்தாண்டு வேலையை விட்டிருந்த பெண்ணும் எழுதலாம். 120 நிமிடம். சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் பணத்தில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாயை எட்டிவிடுகிறது. ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை இல்லை. தோற்றால் திரும்பவும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும்.

இந்தக் கட்டணத்தை நினைத்துத்தான் பலர் பயிற்சி மையங்களின் படியேறுகிறார்கள். கோயம்புத்தூர் காந்திபுரத்திலும் சென்னை வேளச்சேரியிலும் மாடிக்கு மாடி பலகை தொங்குகிறது. நல்ல ஆசிரியர் வாய்த்தால் அது பெரும் பேறு. சந்தேகம் வந்த நிமிடமே கேட்க ஓர் ஆள் இருப்பதற்கு ஈடே கிடையாது. ஆனால் ‘தேர்ச்சி உறுதி’ என்று பலகையிலேயே எழுதி வைத்திருந்தால் அங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உறுதி கொடுக்கக்கூடிய வழி ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

சொந்தமாகப் படிக்கத் தேவையானதில் பெரும்பகுதி இன்று இலவசம். 1997இல் தொடங்கிய சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் திறந்தால் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. ரவுட்டர், ஸ்விட்ச், கேபிள், கணினி எல்லாவற்றையும் திரையில் இழுத்துப் போட்டு இணைத்துக் கட்டளை கொடுக்கலாம். பழைய மடிக்கணினி போதும். யூடியூபில் ஜெரமிஸ் ஐடி லேப் நடத்தும் முழுப் பாடத்தொடர் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் லேப் பயிற்சியும் உண்டு. புத்தகம் வேண்டுவோருக்கு வெண்டல் ஓடம் எழுதிய இரண்டு தொகுதிகள் உண்டு. கனமானவை, நிதானமானவை, ஒரு வரியையும் மேலோட்டமாக விடாதவை. ஒரு வீடியோ தொடர், ஒரு புத்தகம், ஒரு லேப். இதற்கு மேல் சேர்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். ஐந்து ஆசிரியர்களின் முதல் பத்து பாடங்களை மட்டும் பார்த்துவிட்டு ஆறாம் மாதமும் ஓஎஸ்ஐ அடுக்குகளிலேயே நிற்கும் பிள்ளைகள் ஏராளம்.

ஒரு பாக்கெட்டின் பயணம்

பாடத்திட்டம் ஆறு பகுதி. அடிப்படைகளுக்கு 20 சதவீதம், ஸ்விட்ச், விலேன், வயர்லெஸ் அடங்கிய பகுதிக்கு 20, ரவுட்டிங்குக்கு 25, டிஎச்சிபி, நேட் போன்ற சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, ஆட்டோமேஷனுக்கு 10. இவ்வளவையும் ஒரே நூலில் கோத்துத் தருவது ஒரு கேள்வி. நேர்முகத் தேர்வுகளில் வெவ்வேறு வடிவில் அடிக்கடி வரும் கேள்வியும் அதுதான்: ஒரு நெட்வொர்க்கில் இருக்கும் கணினியிலிருந்து வேறொரு நெட்வொர்க்கில் இருக்கும் கணினிக்கு பிங் அடித்தால், அடி முதல் நுனி வரை என்ன நடக்கிறது?

192.168.10.10 என்ற கணினி 172.16.5.20 என்ற கணினியைத் தேடுகிறது என்று வையுங்கள். முதலில் அது தன் சப்நெட் மாஸ்க்கை வைத்துக் கணக்குப் போடுகிறது: இந்த முகவரி என் நெட்வொர்க்குக்குள் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். கேட்வேயின் மேக் முகவரியை ஏஆர்பி மூலம் கேட்டு வாங்குகிறது. இப்போது கிளம்பும் பாக்கெட்டில் சேரவேண்டிய ஐபி 172.16.5.20. அதைச் சுற்றியிருக்கும் ஃபிரேமில் சேரவேண்டிய மேக் முகவரியோ ரவுட்டருடையது. ரவுட்டர் ஃபிரேமைப் பிரித்து எறிகிறது, உள்ளே இருக்கும் ஐபியைப் பார்க்கிறது, தன் ரவுட்டிங் டேபிளில் தேடுகிறது. பொருந்தும் வழிகள் பல இருந்தால் நீளமான பிரிஃபிக்ஸ் உள்ளதையே எடுக்கிறது. ஆயுள் எண்ணாகிய டிடிஎல்லில் ஒன்றைக் குறைக்கிறது. புதிய ஃபிரேமில் சுற்றி அடுத்த ரவுட்டருக்குத் தள்ளுகிறது.

கடித உறையின் மேல் எழுதிய முகவரி கடைசிவரை மாறாது. அதைச் சுமக்கும் ஆர்.எம்.எஸ். பைதான் விழுப்புரத்தில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று மாறிக்கொண்டே போகும். ஐபிக்கும் மேக் முகவரிக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். இடையில் நேட் இருந்தால் மட்டும் ஐபி மாறும்.

இந்தப் பயணத்தைத் தாளைப் பார்க்காமல், வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, தமிழில் சொல்லிப் பாருங்கள். தேர்வு தமிழில் இல்லை, கேள்விகள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் புரிந்துகொள்வதற்கு எந்த மொழியும் தடையில்லை. ரவுட்டர், ஸ்விட்ச், டிரங்க் என்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும், அவற்றை இணைக்கும் வாக்கியங்கள் உங்கள் வாக்கியங்களாக இருக்கட்டும். அம்மாவோ தம்பியோ ‘அப்புறம்?’ என்று கேட்கும்போது எந்த இடத்தில் நாக்கு தடுமாறுகிறதோ, அன்றைக்கு அதைத்தான் மறுபடி படிக்க வேண்டும்.

சப்நெட்டிங் என்றதும் பாதிப் பேர் ஓடுகிறார்கள். ஓடத் தேவையில்லை. இரண்டின் அடுக்குகள் தெரிந்தால் போதும்: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. மாஸ்க் /26 என்றால் கடைசி எண் 192. 256இலிருந்து 192 போக 64. ஆகவே நெட்வொர்க்குகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 192.168.10.137 எங்கே இருக்கிறது? 128க்கும் 192க்கும் நடுவில். நெட்வொர்க் முகவரி 128, பிராட்காஸ்ட் 191, நடுவில் 62 கருவிகளுக்கு இடம். அடுத்தபடி: ஒரு கல்லூரிக்கு 192.168.10.0/24 மட்டும் தந்து, ஒரு துறைக்கு 100 கணினி, இன்னொன்றுக்கு 50, மற்றொன்றுக்கு 25, இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் கம்பிக்கு இரண்டே முகவரி என்று பிரிக்கச் சொன்னால், பெரியதிலிருந்து தொடங்குங்கள். /25, /26, /27, /30. அதாவது 0 முதல் 127, 128 முதல் 191, 192 முதல் 223, 224 முதல் 227. மிச்சம்கூட இருக்கிறது. பேருந்தில் போகும்போது நாலைந்து கணக்கை மனசுக்குள் போட்டுப் பாருங்கள். பேனா எடுக்காமல் விடை வருகிற நாளில் பயம் தானாக விலகிவிடும்.

கெடுத்துக் கற்றுக்கொள்வது

லேப் என்றால் ஆசிரியர் அடிக்கிற கட்டளையை நாமும் அடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி. மீதிப் பாதி, ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கைக் கெடுத்துவிட்டு அறிகுறியைப் பார்ப்பது. ஓஎஸ்பிஎஃப் என்ற ரவுட்டிங் முறை ஓடும் இரண்டு ரவுட்டர்களில் ஒன்றின் ஹலோ நேரத்தை வழக்கமான 10 விநாடியிலிருந்து மாற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றையொன்று மறந்துவிடும். கேபிள் நன்றாக இருக்கிறது, பிங் போகிறது, ஆனால் அண்டை ரவுட்டரைக் காணோம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு, தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் விடைகளைப் படிப்பதற்கு முன்பே கை போய்விடும்.

பேக்கெட் டிரேசரில் இரண்டு ஸ்விட்சுகளைக் கேபிளால் இணைத்ததும் ஒரு முனை கொஞ்ச நேரம் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். புதியவர்கள் கேபிள் தப்போ என்று பிடுங்கி மாட்டுவார்கள். பிடுங்க வேண்டாம். ஸ்பானிங் ட்ரீ யோசித்துக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு 15 விநாடி, கற்பதற்கு 15 விநாடி, பிறகு பச்சை. இந்த முறையை 1985இல் வடிவமைத்தவர் ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் பொறியாளர். ஸ்விட்சுகளுக்கு இடையே ஒரு வட்டம் உருவாகிவிட்டால் பிராட்காஸ்ட் ஃபிரேம்கள் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே படுக்கவைத்துவிடும். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்ற ஆயுள் உண்டு, ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால்தான் ஒரு பாதையை வேண்டுமென்றே அடைத்து வைக்கிறது ஸ்பானிங் ட்ரீ. எந்த ஸ்விட்ச் தலைமை என்பதை நாம் சொல்லாவிட்டால், எல்லாவற்றிலும் முன்னுரிமை எண் 32768 என்றே இருப்பதால், குறைந்த மேக் முகவரி உள்ளது தலைமை ஏற்கும். பெரும்பாலும் அது கட்டடத்திலேயே பழைய ஸ்விட்சாக இருந்து தொலைக்கும். எத்தனையோ அலுவலகங்களில் நெட்வொர்க் மெதுவாக இருப்பதற்குப் பின்னால் இது ஒளிந்திருக்கிறது.

களத்தில் இருக்கிறவர்கள் பெருமூச்சோடு சொல்லும் இன்னொன்றும் உண்டு. இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே டிரங்க் ஓடுகிறது. 10, 20 என்ற விலேன்களுக்கு அனுமதி இருக்கிறது. 30ஐயும் சேர்க்க வேண்டும். ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் 30’ என்று அடித்து என்டர் தட்டினால், பழைய இரண்டும் பட்டியலிலிருந்து போய் 30 மட்டும் மிஞ்சும். விலேன் என்ற சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவே ‘ஆட்’ என்று ஒரு சிறு சொல் விட்டுப்போனதுதான் காரணம். வேலை நேரத்தில் இது நடந்தால் ஒரு மாடி முழுவதும் இருட்டாகிவிடும். திரையில் நடந்தால் செலவே இல்லை. ஆகவே திரையில் நடக்கவிடுங்கள். ரவுட்டரின் போர்ட்டை ‘நோ ஷட்டவுன்’ கொடுக்காமல் விட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று தேடுங்கள். கான்ஃபிக்கைச் சேமிக்காமல் ரீலோட் செய்துவிட்டு வெறும் ரவுட்டர் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

பேக்கெட் டிரேசர் ஒரு பாவனைதான். சிஸ்கோ கருவிகளை இயக்கும் உண்மையான ஐஓஎஸ் மென்பொருளின் எல்லாக் கட்டளைகளும் அதில் இல்லை. கையில் தொட்டுப் பார்க்க ஆசைப்படுவோர் சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்ச் ஒன்றைத் தேடலாம். கன்சோல் கேபிளைச் செருகி, முதல் வரி திரையில் ஓடும்போது ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் தேர்வுக்கு அது கட்டாயமில்லை. கடன் வாங்கி லேப் அமைக்காதீர்கள்.

வீட்டிலேயே இருப்பதை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வேன். ஜெரால்டு கோம்ப்ஸ் 1998இல் உருவாக்கிய மென்பொருள், இன்று வயர்ஷார்க் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவி உங்கள் சொந்த மடிக்கணினியின் போக்குவரத்தைப் பிடித்துப் பாருங்கள். ஏஆர்பி கேட்கும் கேள்வியும் டிசிபியின் மூன்று கட்டக் கைகுலுக்கலும் கண்ணெதிரே வரிவரியாக ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சர்வருக்கு பிங் அடித்து எத்தனை மில்லி விநாடி என்று பாருங்கள். 2002இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டர் ஓடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போக 16, வர 16 மில்லி விநாடி. எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரை வைத்தாலும் அந்த வழியில் 32க்குக் கீழே இறங்க இயற்பியல் விடாது. நம் ஊர்க் கடற்கரையில் கரையேறும் கேபிளைப் பற்றிய இந்த ஒரு கணக்கு எனக்குள் ஏற்படுத்திய வியப்பு இன்னும் அடங்கவில்லை.

டம்ப்ஸ் என்னும் திருட்டு

‘தேர்ச்சி உறுதி’க்கு வருவோம். தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொன்ன கேள்விகளைத் தொகுத்து விடைகளோடு விற்கிறார்கள். டம்ப்ஸ் என்று பெயர். பிடிஎஃப் ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் பரவுகிறது. ஒவ்வொரு தேர்வரும் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார். மீறினால் சான்றிதழைப் பறிக்கவும் தேர்வெழுதத் தடை போடவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. அதை விடுங்கள். அவற்றில் பல விடைகளே தவறு. அதையும் விடுங்கள். அப்படித் தேறியவர் நேர்முகத்தில் உட்கார்ந்ததும், எதிரில் இருப்பவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, இரண்டு ரவுட்டரை வரைந்து, ‘இங்கிருந்து அங்கே பிங் போகவில்லை, எங்கே பார்ப்பீர்கள்?’ என்பார். பேனா நகராது. முப்பதாயிரம் ரூபாயைக் கட்டிய அப்பாவின் முகம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திறமை இல்லாத பிள்ளைகள் இல்லை இவர்கள். குறுக்கு வழியைக் காட்டியவர்கள் பெரியவர்கள்.

சான்றிதழ் வந்துவிட்டால் வேலை வாசலில் நிற்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அது நேர்முக அறைவரை கொண்டுபோய் விடும். முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிஃப்ட், அல்லது ஏணியும் கிரிம்பிங் கருவியுமாக ஊர் ஊராகப் போகும் கள வேலை. இரண்டுமே நல்ல பள்ளிக்கூடம். ஓஎம்ஆர் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் மட்டும் இந்த வேலை இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்தை டான்ஃபிநெட் நடத்துகிறது. மருத்துவமனை, நூற்பாலை, கூட்டுறவு வங்கி, பொறியியல் கல்லூரி எங்கும் ஸ்விட்ச் இருக்கிறது. பழுதானால் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் இனி தானியங்கியாகிவிடும், எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பாடத்திட்டத்திலேயே ஆன்சிபிள், டெராஃபார்ம் என்ற தானியங்கிக் கருவிகள், செயற்கை நுண்ணறிவு எல்லாம் வந்துவிட்டன. ஆனால் 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்தது நினைவிருக்கும். பராமரிப்பு வேலையில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை அவற்றை நடத்தும் நிறுவனத்தின் முதுகெலும்பு இணைப்புகளையே அறுத்துவிட்டது. அத்தகைய கட்டளைகளைச் சோதித்துத் தடுக்க வேண்டிய தானியங்கிக் கருவியிலும் பிழை இருந்தது. அவர்களின் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழிகள் இணையத்திலிருந்தே மறைந்தன. கடைசியில் பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டருக்குள் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. கருவி எவ்வளவு வளர்ந்தாலும், அது தவறும்போது அடிப்படையிலிருந்து யோசிக்கத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். அதற்காக ஆட்டோமேஷனுக்கான அந்த 10 சதவீதப் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள். ஜேசன் வடிவத்தைப் படிக்கப் பழக ஒரு வாரம் போதும்.

தேர்வு நாளைப் பற்றிக் கொஞ்சம். பியர்சன் வியூ மையத்திலோ வீட்டிலிருந்தோ எழுதலாம். மின்வெட்டும் பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியும் நம் கையில் இல்லை என்பதால் மையத்துக்குப் போவதே நிம்மதி. ஒரு கேள்வியை விட்டு நகர்ந்தால் திரும்பி வர முடியாது. பள்ளித் தேர்வுபோல ‘தெரியாததைக் கடைசியில் பார்க்கலாம்’ என்ற பழக்கத்தை முன்பே மறந்துவிட வேண்டும். லேப் கேள்வி வந்தால் கட்டளை மறந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உதவி கிடைக்கும்.

தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் என்று சிஸ்கோ வெளியிடுவதில்லை. ஆனால் மதிப்பெண் அறிக்கையில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை சதவீதம் என்று வரும். தோற்றவருக்கு அடுத்த முயற்சிக்கு முன் ஐந்து நாள் காத்திருப்பு உண்டு. அந்த அறிக்கையை வைத்து எந்தப் பகுதி பலவீனம் என்று பார்த்து, அதை மட்டும் லேபில் மறுபடி கட்டினால் இரண்டாம் முறைக்கு அதுவே போதுமானதாக இருக்கும். தேறியவர்கள் அந்த அறிக்கையை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். வைக்கக் கூடாது. பாதுகாப்புப் பகுதியில் 40 சதவீதம் என்று இருந்தால், முதல் நேர்முகத்தில் ஆக்சஸ் லிஸ்ட் பற்றிக் கேட்கும்போது இடறப்போவதும் அங்கேதான். அந்த வாரமே பேக்கெட் டிரேசரைத் திறந்து அதைச் சரிசெய்துவிடலாம்.